இழுக்காத கை

எங்கள் வீட்டில் எது உடைந்தாலும், எது கெட்டாலும், எது காணாமல் போனாலும் அதற்குப் பொறுப்பு ஒரே ஒருவர்தான். என் வீட்டுக்காரரின் மூத்த அக்கா. எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கையா என்போம். பூனை தயிர்ச் சட்டியைத் தட்டிவிட்டால், பூனை தப்பித்துவிடும். நங்கையா அடுப்படியிலிருந்து வந்து, "நாந்தான் மூடி வெக்காம உட்டுட்டேன்" என்பார். மூடி வைக்காமல் விட்டது நான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அந்தப் பூனைக்கும் தெரியும்.

அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஒரு டம்ளர் கீழே விழுந்தால் நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். யார் ஒத்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பழக்கம் இல்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது பெரிய சௌகரியமாக இருந்தது. மாமனார் முன்கோபி. மல்லசமுத்திரம் ரோட்டில் எங்கள் கோழிப்பண்ணைக்குள் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கோழிகளும் வாயை மூடிக்கொள்ளும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படிப்பட்ட மனிதர் "யாரு?" என்று ஒரு அதட்டுப் போட்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் நங்கையா, "நாந்தானுங்கப்பா" என்று குறுக்கே வந்து நிற்பார். அப்பாடா என்றிருக்கும். போகப் போகத்தான் எனக்கு அது எரிச்சலாக மாறியது.

ஒரு சித்திரை மாதம். கொட்டகைக் கூரை மேல் தண்ணீர் தெளிக்கிற மோட்டாரைப் போட வேண்டியது என் வீட்டுக்காரர். திருச்செங்கோட்டில் சிநேகிதன் போர்க்கிணறு தோண்டுகிற புது ரிக் லாரிக்குப் பூஜை போடுகிறான் என்று அந்த மனுஷன் மோட்டாரை மறந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானத்துக்குள் கோழிகள் வாயைப் பிளந்து வரிசை வரிசையாகச் சாய்ந்துவிட்டன. மாமனார் கொட்டகை வாசலில் நின்று கத்தினார்.

"எந்த மசையன்டா மோட்டாரப் போடாம உட்டவன்?"

"நாந்தானுங்கப்பா. சித்தெ கண்ணசந்துட்டேன்" என்றார் நங்கையா.

பகலில் அவர் கண் அசந்து நான் பார்த்ததே இல்லை. மாமனார் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. என் வீட்டுக்காரர் அதற்குள் திரும்பி வந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். ரசத்துக்கு உப்பு பத்தவில்லை என்று வேறு சொன்னார். அந்த இடத்தில் எனக்கு வந்த ஆத்திரம் அவர் மேல் பாதி, நங்கையா மேல் பாதி.

"ஏனுங்க நங்கையா, தம்பி பண்ணுன தப்புக்கு நீங்க எதுக்குங்க பேச்சு வாங்கறீங்க? இப்படி இருந்தா அவருக்கு எப்பங்க புத்தி வரும்?" என்று கேட்டேன்.

"உடு அம்மிணி. எனக்கென்ன, இனிமேலா கல்யாணங்காச்சி ஆகோணும்? நாலு பேச்சு உழுந்தா உழுந்துட்டுப் போவுது. அவன் சம்சாரி. உன்ற முன்னால அவனத் திட்டுனா நல்லாவா இருக்கும்?"

கல்யாணம் அவருக்கும் நடந்ததுதான். எடப்பாடிப் பக்கம் தறி போட்டிருந்த குடும்பம். ஆறே மாதம். "நாந்தான் வந்துட்டேன். எனக்குத் தறிச் சத்தம் ஆவறதில்ல" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மாமனார் சாகும்வரை தன் மகள் திமிர் பிடித்து வாழாமல் வந்தவள் என்றே நம்பினார். நங்கையாவைக் கட்டியவனுக்கு ஏற்கனவே வேறொரு குடும்பம் இருந்தது என்பதை மாமியார் ஒருநாள் கடலைக்காய் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "அப்பங்காரனுக்குத் தெரிஞ்சா அருவாளத் தூக்கிட்டுப் போயி செயிலுக்குத்தான் போவாருன்னு பழியத் தாம்மேல போட்டுக்கிட்டா" என்று சொல்லிவிட்டுத் தோலை முறத்திலிருந்து ஊதித் தள்ளினார்.

நங்கையாவின் கையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. கூண்டுக் கோழிகளுக்குத் தீனி தள்ளிவிடுகிற வேலை இருக்கிறதே, புதிதாக வருகிற ஆட்கள் முதல் நாளே கையெல்லாம் கொத்து வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். நங்கையா வெறுங்கையை அத்தனை அலகுகளுக்கு நடுவில் நீட்டிக்கொண்டு போவார். ஒன்றும் கொத்தாது. எனக்கும் சொல்லிக்கொடுத்தார்.

"நீட்டுன கைய நீட்டுனபடி வெச்சிரு. பாதில வெடுக்குன்னு இழுத்தீன்னா அதுக்கு வெறி வந்துரும். நீ சும்மா இருந்தீன்னா அதுவும் மோந்து பாத்துட்டு உட்ரும்."

கொட்டகைக்குள் மோதிரம், வளையல் கூடாது என்பது இன்னொரு சட்டம். மின்னுகிறதையெல்லாம் கோழி தீனி என்று நினைத்துக் கொத்தும். கொட்டகைக் கதவில் ஓர் ஆணி உண்டு. அவருடைய இரண்டு வளையலும் அதில்தான் தொங்கும். என் மகள் நடக்கத் தொடங்கியதும் தன் குட்டி வளையலையும் கழற்றி, அத்தை இடுப்பிலிருந்து எக்கி அதே ஆணியில் மாட்டுவாள். பிறகு இரண்டு கையும் ஒன்றாகக் கூண்டுக்குள் போகும், பெரிய கை மேல் சின்னக் கை. சோறுகூட அத்தை உருட்டிக் கொடுத்தால்தான் இறங்கும். பெற்றவள் நான் ஒருத்தி எதற்கு என்று எனக்கு உள்ளூரப் புகைச்சல் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

குழந்தைக்கு எட்டு வயது. மக்காச்சோளம் அரைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையில் குத்தியிருந்த கிளிப் நழுவி, பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்குக் கீழே விழுந்தது. அவள் குனிந்து கையை நீட்டியதை நானும் நங்கையாவும் ஒரே நேரத்தில் பார்த்தோம். எனக்குக் கத்த மட்டும்தான் தெரிந்தது. நங்கையா தன் கையைக் குறுக்கே விட்டுக் குழந்தையை நெட்டித் தள்ளினார். குழந்தை தவிட்டு மூட்டை மேல் குப்புற விழுந்தாள். நங்கையாவின் வலது கை பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. சக்கரம் நின்று, மோட்டார் உறுமியது.

சுவிட்ச் என் தோளை ஒட்டிச் சுவரில் இருந்தது.

நங்கையா கத்தவில்லை. "அம்மிணி, சுச்ச அமத்து" என்றார். இரண்டு தடவை சொன்னார். அடுப்பை அணை என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டும், நான் இரண்டு கையாலும் அவர் முழங்கையைப் பிடித்து, என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன்.

தவிடு கண்ணில் அப்பியிருந்ததால் குழந்தை எதையும் பார்க்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது ரத்தம் மட்டும்தான் தெரிந்தது.

மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன. சேலத்தில் டாக்டர் கட்டுப் போட்டபடியே கேட்டார். "யாரும்மா இழுத்தது? மிஷினை நிறுத்திட்டுச் சக்கரத்தைப் பின்னால சுத்தி எடுத்திருந்தா ரெண்டு விரலையும் காப்பாத்தியிருக்கலாம்."

என் வாய் திறக்கவில்லை. கட்டிலில் படுத்திருந்தவர்தான் பதில் சொன்னார். "நாந்தானுங்க டாக்டரு. பயத்துல இழுத்துப்புட்டேன்."

அவ்வளவுதான். நான் தப்பித்துவிட்டேன்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டுக் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. "எப்படி ஆச்சு?" பதிலும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். "புள்ள மிஷினுக்குள்ள கைய உட்டுச்சாம். அதத் தள்ளப் போயி இவளுக்கு இப்படி ஆயிப்போச்சு." என் மகள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நானும் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இழுத்தது நான் என்று ஒரு வார்த்தை. அதை என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம், ஆறட்டும் சொல்லலாம், பிள்ளைக்கு என்ன புரியும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் சொல்லாததே ஒரு பெரிய குற்றமாகி, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டேன்.

பிள்ளை கையை மடக்கிக்கொண்டாள். நிஜமாகவே. எந்நேரமும் இரண்டு கையையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டு நடப்பாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டாள். பதில் தெரிந்தாலும் வகுப்பில் கையைத் தூக்குவதில்லை என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அத்தையின் கையால் சாப்பிடுவதையும் விட்டுவிட்டாள். அந்தக் கை எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நங்கையா சொல்லாமல் இல்லை. மடியில் உட்கார வைத்துக்கொண்டு நூறு தடவை சொல்லியிருப்பார். "நீ ஒண்ணும் பண்ணல சாமி. அத்த நாந்தான் அவசரப்பட்டு இழுத்துட்டேன்."

ஒருநாள் ராத்திரி தலை பின்னிவிடும்போது நான் மெதுவாக, "அத்தை சொன்னாங்கல்ல கண்ணு, அவிங்கதான் இழுத்தாங்களாம். நீ எதுக்கு மனசுல வெச்சுக்கற?" என்று கேட்டேன். என் மகள் திரும்பாமலேயே சொன்னாள்.

"அத்த எல்லாத்துக்குமே நாந்தான்னுதான் சொல்லுவாங்க."

என் கை பின்னலிலேயே நின்றுவிட்டது. நங்கையா ஆயிரம் தடவை சொன்னாலும் இனி இந்தப் பிள்ளை நம்பாது. சொல்ல வேண்டியது நான். அன்றைக்கும் நான் சொல்லவில்லை. ரிப்பனை முடிந்துவிட்டு எழுந்து போனேன்.

இப்படி மூன்று வருடம் ஓடிப் போயிற்று. கேரளத்துக்கு எங்கள் பண்ணை முட்டையை ஏற்றிப்போகிற லாரி டிரைவர் ஒருவர், செல்போனில் ஒரு வீடியோவை நங்கையாவுக்குக் காட்டினார். மேற்குக் கடற்கரையில், ஆறு கடலில் கலக்கிற முகத்தில் ஒரு மரப்பாலம். படகுக்காரர்கள் மீன் கழிவைக் கொட்டிக் கொட்டி, கடல் மீன்கள் அங்கே கூட்டமாக வந்து பழகிவிட்டனவாம். இப்போது ஊர் ஊராக ஜனங்கள் வந்து கையாலேயே தீனி கொடுக்கிறார்கள். ஒரு சின்னப் பெண் கையை நீட்டுகிறாள், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய தலை வந்து வாங்கிக்கொண்டு போகிறது.

நங்கையா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். அன்று சாயங்காலம் தம்பியிடம் வந்து நின்றார்.

"எனக்கு அங்க போவோணும். புள்ளையும் வரட்டும், அம்மிணியும் வரட்டும்."

அவர் வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் பயந்துபோய் எங்கள் மூன்று பேருக்கும் உடனே டிக்கெட் போட்டுவிட்டார்.

ஈரோட்டில் ரயில் ஏறி மறுநாள் காலையில் இறங்கினோம். ஆட்டோவை விட்டு இறங்கும்போதே மீன் கவிச்சி முகத்தில் அடித்தது. பாலத்தின் பலகைகளுக்கு நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. அதன் வழியே கீழே பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் கரும் நிழல்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வீடியோவில் பார்த்தபோது இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் என் மகள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

"என்ன மீனுங்க இது?" என்று கேட்டேன்.

"பாறை மீன்" என்றார் வாளியோடு நின்றவர். தலையில் துண்டு கட்டிய ஐம்பது வயதுக்காரர். திருப்பூர் பனியன் கம்பெனியில் பல வருஷம் இருந்தவராம், நன்றாகவே தமிழ் பேசினார். "கடிக்காதும்மா. ஆனா ஒரு கணக்கு உண்டு. கை தண்ணிக்கு மேல இருக்கணும். இந்த மத்தி மீனை வாலைப் பிடிச்சுத் தொங்க விடணும். மீன் வந்ததும் விட்டுடணும். அப்புறம் மோதிரம், வளையல்..."

அதற்குள் நங்கையா தன் இரண்டு வளையலையும் கழற்றி, கைப்பிடிக் கட்டையில் துருத்திக்கொண்டிருந்த ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, என் மகளின் வளையலையும் உருவிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு யாரு சொன்னது?" என்றார் வாளிக்காரர் ஆச்சரியமாக.

"எங்கூருக் கோழி சொல்லுச்சுங்க" என்றார் நங்கையா. வாளிக்காரர் சிரித்தார். என் மகள் சிரிக்கவில்லை. வளையல் போன கையை உடனே அக்குளுக்குள் சொருகிக்கொண்டாள்.

முதலில் நங்கையா கொடுத்தார். பலகையில் மண்டி போட்டு, அந்த மூன்று விரல் கையில் மத்தியின் வாலைப் பிடித்து நீட்டினார். நிழல் ஒன்று கூட்டத்திலிருந்து பிரிந்தது. அடுத்த நொடி தண்ணீர் வெடித்து எங்கள் முகத்தில் அடித்தது. மத்தியைக் காணோம்.

"அடேங்கப்பா! என்ன வேகம்ங்கறே!" என்று சேலையை உதறிக்கொண்டு சிரித்தார். பிறகு வாளியிலிருந்து இன்னொன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அத்த வெச்சிருக்கறேன். வேணும்னா வாங்கிக்க சாமி. வேண்டாட்டி ஒண்ணுமில்ல."

விரல் போன இடத்து இரண்டு மொட்டுகளும் மேல்நோக்கித் தெரியும்படி அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீனுக்குக் கொடுப்பது அப்புறம். முதலில் பிள்ளை அந்தக் கையிலிருந்து ஒன்றை வாங்க வேண்டும்.

எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். வெயில் ஏறியது. மத்தியிலிருந்து தண்ணீர் சொட்டி நங்கையாவின் மணிக்கட்டு வழியாக ஓடியது. அவர் கையைத் தாழ்த்தவே இல்லை.

"வேண்டாங்க நங்கையா. புள்ளைய உடுங்க. பயந்துக்கும்" என்றேன்.

"நீ சித்தெ சும்மா இரு அம்மிணி."

என் மகள் அந்தக் கையைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். பிறகு அக்குளிலிருந்து வலது கை மெதுவாக வெளியே வந்தது. மத்தியை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழக்கூட நேரம் இல்லை. அவள் மண்டி போட்டுவிட்டாள். வாலைப் பிடிக்கச் சொன்னதை மறந்து மத்தியை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். கையை மிகவும் தாழ்த்தினாள். வாளிக்காரர், "மேலே, மோளே, கை மேலே!" என்று கத்தினார். அவள் காதில் விழவில்லை. நிழல் பிரிந்து வந்தது.

தண்ணீர் வெடித்தது. மத்தி போகவில்லை. கையோடு சேர்த்து மணிக்கட்டு வரை அந்த வாய்க்குள் போய்விட்டது.

"இழு! கைய இழு!" என்று அலறினேன். அலறிக்கொண்டே பாய்ந்து அவள் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன்.

என் மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. மூன்று விரல் பிடி. எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது.

"தொடாத! இந்தவாட்டியும் இழுத்துப்புடாத அம்மிணி!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் கை தானாக நழுவியது. அவர் என்னை விட்டுவிட்டுக் குழந்தையின் காதோரம் குனிந்தார். குரல் உடனே மாறிவிட்டது.

"சாமி, ஒண்ணுமில்ல. நீட்டுன கைய நீட்டுனபடி வெச்சிரு. கோழிக்கு வெப்பியே, அது மாதிரி. அத்த இங்கதான் இருக்கறேன். இழுக்காத."

என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் கை அசையவில்லை. அந்த மீனின் கண் எங்களைப் பார்த்தபடி தண்ணீருக்கு மேல் நின்றது. எவ்வளவு நேரம் என்று கேட்டால், இரண்டு மூச்சு இருக்கும். எனக்கு அந்த மூன்று வருடமும் அதற்குள் ஓடி முடிந்தது.

மீன் வாயைத் திறந்தது. மத்தியோடு கீழே போய்விட்டது.

கை வெளியே வந்தது. புறங்கையில் கோடு கோடாகச் சிராய்ப்பு, அங்கங்கே ரத்தப் பொட்டு. வாளிக்காரர் ஓடிவந்து நல்ல தண்ணீரை ஊற்றிப் புரட்டிப் பார்த்தார். "இழுத்திருந்தா தோலை உரிச்சிருக்கும். உள்ள பல்லு அரம் மாதிரி இருக்கும்" என்றார். யாரோ கை தட்டினார்கள்.

என் மகள் கையைத் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். ஐந்தும் இருந்தன. முகத்தில் சிரிப்பு வரப்பார்த்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அவள் நங்கையாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்த, இந்தவாட்டியும்னு எதுக்குச் சொன்னீங்க?"

நங்கையாவின் முகம் வெளுத்துவிட்டது. வாய் தவறி வந்த வார்த்தை. இத்தனை வருடம் கட்டிக் காத்தது ஒரு நொடியில் கொட்டிப்போனது.

"அது... அதொண்ணுமில்ல சாமி. சும்மா வாய்க்கு வந்தத... அன்னிக்கு நாந்தான்..."

"நாந்தான்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பலகையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"அன்னிக்கு அத்தை கைய இழுத்தது நாந்தான் கண்ணு. அத்தை சுச்ச அமத்தச் சொன்னாங்க. ரெண்டு வாட்டி சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு. நான் அமத்தாம இழுத்துப்புட்டேன். விரலு போனது அதனாலதான். நீ கைய நீட்டுனதால இல்ல. உன்னைய எல்லாரும் சொன்னப்பவும் நான் வாயத் தொறக்கல."

சொல்லி முடித்ததும் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் லேசாகவில்லை. என் மகள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன். பிறகு எழுந்து போய், ஆணியிலிருந்த வளையல்களை எடுத்தாள். தன்னுடையதைப் போட்டுக்கொண்டாள். மற்ற இரண்டையும் அத்தையின் வலது கையைப் பிடித்து, அந்த மொட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் நங்கையா என்னிடம் சீறினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எதுக்கு அம்மிணி சொன்ன? நாந்தான் சொமந்துட்டு இருந்தனில்ல? உன்னையக் கேட்டனா?"

"நீங்க கேக்கலீங்க. அதுதானுங்க தப்பு" என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்காக அழுதாரா, தனக்காக அழுதாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

திரும்பி வரும் ரயிலில் பாலக்காடு தாண்டியதும் நங்கையா தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். மூன்று விரலால் பிசைந்து ஓர் உருண்டை உருட்டினார். என் மகள் ஜன்னலை விட்டுத் திரும்பி, வாயைத் திறந்தாள். இரண்டாவது உருண்டை, மூன்றாவது உருண்டை. நான் எதிர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்புவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் பாட்டிலை எடுக்கப்போனவள், முழங்கையால் அதைத் தட்டிவிட்டாள். மூடி திறந்திருந்த பாட்டில் உருண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் வேட்டியெல்லாம் நனைந்துபோயிற்று. அவர் எழுந்து நின்று, "யாரு இது, பாத்து வெக்கறதில்ல?" என்று கத்தினார்.

நங்கையா வழக்கம்போலப் பாதி எழுந்துவிட்டார். "நாந்தானு..."

என் மகள் அத்தையின் தோளில் கையை வைத்து உட்கார வைத்தாள். சிராய்த்த கை.

"அத்த, நீங்க சும்மா இருங்க" என்றாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினாள். "நாந்தானுங்க தட்டி உட்டேன். தெரியாம பட்டுருச்சுங்க."

பெரியவர் ஏதோ முனகிக்கொண்டு வேட்டியைப் பிழிந்தார். என் மகள் துண்டை எடுத்து, கையை நீட்டி, சீட்டைத் துடைத்தாள். நங்கையா திறந்த வாயை மூடிக்கொண்டு, செய்ய ஒன்றும் இல்லாமல், ஈரோடு வரும்வரை வளையலை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.